தபால் பெட்டி ஏன் சிவப்பு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, கல்லடியில் ஒரு சின்ன எழுதுபொருள் கடை வைத்திருக்கிறேன். கொப்பி, பேனை, கடித உறை, முத்திரை எல்லாம் இருக்கும். முத்திரை வாங்குகிறவர்கள் கடை மேசையிலேயே ஒட்டிவிட்டு, பெட்டி எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். அப்புறம் பேச்சு அந்தப் பெட்டியைப் பற்றியே திரும்பிவிடும். பள்ளிக்கூடச் செயற்திட்டத்துக்குத் தகவல் தேடும் பிள்ளைகள், விடுமுறையில் வந்த வெளிநாட்டு உறவுகள், ஓய்வூதியக் காரியமாகப் போகும் பெரியவர்கள் என்று எல்லோருக்கும் வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்துப் பதில்களை எழுதியிருக்கிறேன்.

தபால் பெட்டி ஏன் சிவப்பா இருக்கு?

தூரத்தில் வரும்போதே கண்ணில் பட வேண்டும் என்பதற்காகத்தான். பிரித்தானியத் தபால் துறை 1874இல் தன் தெருப் பெட்டிகளுக்குச் சிவப்பைத் தீர்மானித்தது. நம் நாட்டின் தபால் சேவை பிரித்தானியர் ஆட்சியில் வளர்ந்தது. 1857 ஏப்ரல் 1ஆம் திகதி வந்த இலங்கையின் முதல் முத்திரையே விக்டோரியா மகாராணியின் தலை போட்ட ஆறு பென்ஸ் முத்திரைதான். முத்திரை, முறைகள், பெட்டி, நிறம் எல்லாம் அந்த வழியில் வந்தவை. சுதந்திரத்துக்குப் பிறகு முத்திரையில் படங்கள் மாறின, பெட்டியின் நிறம் மாறவில்லை.

கடிதம் போட வருகிறவர் வாசிக்கத் தெரியாதவராக இருக்கலாம். மூன்று மொழியில் ஒன்று மட்டும் தெரிந்தவராக இருக்கலாம். மட்டக்களப்புக்கே அன்றைக்குத்தான் வந்தவராகவும் இருக்கலாம். அவர் யாரிடமும் கேட்காமல் பெட்டியைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த வேலையை நிறம் செய்கிறது.

அப்ப முதல்ல இருந்தே சிவப்புதானா?

இல்லை. நடுவில் பச்சையும் இருந்தது. இந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

1840இல் பிரித்தானியாவில் ஒரு பென்னி முத்திரை வந்தது. கடிதத்துக்கான காசை அனுப்புகிறவர் முன்கூட்டியே கட்டிவிடும் வழக்கம் அதோடு பரவியது. முத்திரை ஒட்டியாகிவிட்டால் கந்தோர் யன்னலில் நின்று காசு கொடுக்கும் வேலை இல்லை, கடிதத்தை எங்காவது பாதுகாப்பாகப் போட்டால் போதும். அந்த 'எங்காவது' தெருவில் வந்தது 1852இல். அந்தனி ட்ரொலப் என்ற தபால் அதிகாரி, இவர் பெயர் பெற்ற நாவலாசிரியரும்கூட, பிரான்சுக்குப் பக்கத்தில் உள்ள ஜேர்சி, கேர்ன்சி தீவுகளின் தபால் சேவையைப் பார்வையிட அனுப்பப்பட்டார். அங்கே தபால் கப்பல் வரும் நேரம் அலையையும் காற்றையும் பொறுத்தது. கப்பல் எப்போது வரும் என்று தெரியாமல் ஆட்கள் கடிதத்தோடு அலைந்தார்கள். பிரான்சில் இருப்பதுபோல் தெருவோரத்தில் இரும்புப் பெட்டிகளை வைக்கலாம் என்று அவர் எழுதினார். 1852 நவம்பரில் ஜேர்சியில் முதல் பெட்டிகள் நட்டப்பட்டன. அடுத்த வருடம் கார்லைல் நகரிலும், 1855இல் லண்டனிலும் வந்தன.

ஆரம்பத்தில் ஒவ்வொரு பகுதியும் தன் இஷ்டத்துக்குப் பெட்டி செய்தது. 1859இல் பொதுவான வடிவமும் கரும்பச்சை நிறமும் வந்தன. ஊரின் அழகைக் கெடுக்காமல் சுற்றுப்புறத்தோடு ஒத்துப்போகட்டும் என்பதுதான் பச்சையின் நோக்கம். அது நன்றாகவே ஒத்துப்போய்விட்டது. பெட்டியைக் காணவில்லை, தேடி அலைகிறோம் என்று முறைப்பாடுகள் குவிந்தன. கடைசியில் 1874இல் சிவப்பு தீர்மானமானது. நாடு முழுவதும் இருந்த பெட்டிகளுக்குச் சிவப்பு அடித்து முடிக்கப் பத்து வருடம் எடுத்தது.

மஞ்சள், நீலம் எல்லாம் இருக்க சிவப்பை ஏன் எடுத்தாங்க?

முதலில் சொக்லேட் நிறக் கபிலத்தைப் பரீட்சித்துப் பார்த்தார்கள். அதற்கு மேலே இன்னொரு பூச்சு வார்னிஷ் தேவைப்பட்டது, செலவு கூடியது, கைவிட்டார்கள். சிவப்புக்கு அந்தக் கரைச்சல் இல்லை, கண்ணிலும் பட்டது.

பச்சைக்கு நேர் எதிர் சிவப்பு என்பதையும் கவனியுங்கள். பூவரச மரத்தடியில் ஒரு பச்சைப் பெட்டியையும் ஒரு சிவப்புப் பெட்டியையும் வைத்தால் எது முதலில் தெரியும்? மரங்கள் நிறைந்த நம் பக்கத்துக்கு, லண்டனை விடவும் இந்தக் காரணம் பொருந்தும்.

சிவப்பு ஒளி ஆகக் கூடத் தூரம் போகும், அதனாலதான் பெட்டிக்குச் சிவப்பு என்டு ரியூஷன் சேர் சொன்னார். சரியா?

பாதி சரி. வளிமண்டலத்தில் நீல ஒளி அதிகமாகச் சிதறும், சிவப்பு குறைவாகச் சிதறும். இதை ரேலி என்ற விஞ்ஞானி 1871இல் விளக்கினார். வானம் நீலமாகத் தெரிவதும் மாலைச் சூரியன் சிவப்பதும் இதனால்தான். ஆனால் அந்த வித்தியாசம் தெரிவதற்குக் கிலோமீற்றர் கணக்கில் காற்று வேண்டும். தெருமுனையில் நிற்கும் பெட்டிக்கும் உங்களுக்கும் இடையில் உள்ள தூரத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மூடுபனியிலும் உதவாது, பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியவை, எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிக்கும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. நம் கண் பகல் வெளிச்சத்தில் மிகக் கூர்மையாக உணர்வது சுமார் 555 நானோமீற்றர் அலைநீளத்தை, அதாவது மஞ்சள் கலந்த பச்சையை. இருட்டில் அது 507 நானோமீற்றருக்கு, நீலம் கலந்த பச்சைப் பக்கம் நகர்ந்துவிடும். இதற்குப் பேர்க்கின்யே விளைவு என்று பெயர். வீட்டு முற்றத்தில் செவ்வரத்தை இருந்தால் மாலை ஆறரை மணிக்குப் போய்ப் பாருங்கள். பகலில் நெருப்பாகத் தெரிந்த பூ கறுத்துப் போயிருக்கும், இலைதான் பூவைவிட வெளிச்சமாகத் தெரியும். சிவப்புப் பெட்டிக்கும் அதேதான் நடக்கிறது. தெருவிளக்கு இல்லாத ஒழுங்கையில் இரவில் அது ஒரு கறுத்த உருவம். ஆக, சிவப்பு எப்போதும் பளிச்சென்று தெரியும் என்று பரீட்சைத் தாளில் எழுதாதீர்கள். பகலில், பச்சைப் பின்னணியில் நன்றாகத் தெரியும் என்று எழுதுங்கள்.

சுவிஸில மஞ்சள் பெட்டிதானே மாமா? அங்க மட்டும் ஏன் அப்படி?

சுவிஸில் மட்டுமில்லை. ஜேர்மனியிலும் ஒஸ்ரியாவிலும் மஞ்சள்தான். பழைய ஜேர்மானியப் பேரரசின் தபாலை நடத்திய தூர்ன் உண்ட் டாக்சிஸ் குடும்பம் பேரரசின் நிறங்களான மஞ்சளையும் கறுப்பையும் பயன்படுத்தியது. குதிரை வண்டிக் காலத்து மஞ்சள் பிறகு பெட்டிக்கும் வந்தது. ஜேர்மனியில் நாஜி ஆட்சி பெட்டிகளைச் சிவப்பாக்கியது. போர் முடிந்ததும் மஞ்சளுக்கே திரும்பினார்கள். பிரான்சில் முன்பு நீலம், 1962இலிருந்து மஞ்சள்.

அமெரிக்காவின் கதை வேறு. முதல் உலகப் போர் முடிந்தபோது இராணுவத்திடம் ஒலிவ் பச்சைப் பெயின்ற் மிஞ்சிக் கிடந்தது, அதைத் தபால் துறைக்குக் கொடுத்தார்கள். பெட்டிகள் பல வருடங்கள் அந்த நிறத்தில் நின்றன. 1955இல் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று கொடி நிறங்கள் அடித்தார்கள். இன்றுள்ள கருநீலம் 1971இல் வந்தது. ஜப்பானில் 1872இல் வைத்த பெட்டி கறுப்பு, இரவில் கண்ணுக்குத் தெரியவில்லை என்று 1901இல் சிவப்பு வந்தது. பிரித்தானியாவில் பச்சைக்கு நேர்ந்தது இங்கே கறுப்புக்கு நேர்ந்திருக்கிறது.

நிறத்துக்கும் அரசியலுக்கும் தொடர்பு இருக்கா?

நிறைய. அயர்லாந்து 1922இல் பிரித்தானியரிடமிருந்து பிரிந்தபோது, இருந்த சிவப்புப் பெட்டிகளைக் கழற்றி எறியவில்லை, மேலே பச்சை அடித்தார்கள். பச்சைப் பூச்சுக்கு அடியில் விக்டோரியாவின் கிரீடமும் எழுத்தும் இன்றைக்கும் புடைத்துத் தெரியும். ஹொங்கொங் 1997இல் சீனாவிடம் போனதும் அங்கேயும் சிவப்புப் பெட்டிகள் பச்சையாகின. ஒரு தகரம் பெயின்றும் ஒரு தூரிகையும் போதும், ஆட்சி மாறியது தெருமுனையில் தெரிந்துவிடும். சிங்கப்பூரும் பிரித்தானியர் இருந்த இடம்தான், இப்போது அங்கே வெள்ளைப் பெட்டி.

இலங்கை, 1948இலும் மாற்றவில்லை, குடியரசான 1972இலும் மாற்றவில்லை. எனக்கு அதில் குறை இல்லை. மக்களுக்குப் பழகிப்போன ஒன்றை விட்டுவைத்தார்கள்.

அப்ப நம்மட சிவப்பு, கட்சிச் சிவப்பு இல்லையா?

இல்லவே இல்லை. தேர்தல் நேரத்தில் இந்தக் கேள்வி கூடும். இலங்கையின் முதலாவது இடதுசாரிக் கட்சியான லங்கா சமசமாஜக் கட்சி தொடங்கியது 1935இல். பெட்டிக்குச் சிவப்பு முடிவானது அதற்கு 61 வருடங்களுக்கு முன்.

ஒல்லாந்தர் காலத்துத் தபால் பெட்டி எண்டு ஒண்டு இருந்ததா?

கோட்டையைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகள் கேட்பது. மட்டக்களப்புக் கோட்டையை ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தது 1638இல். அவர்களுடைய ஆட்சி பிரித்தானியரிடம் போனது 1796இல். இரண்டாவது பதிலில் சொன்ன இரும்புப் பெட்டி அதற்கு அரை நூற்றாண்டுக்கும் பிறகுதான் வந்தது. ஆகவே இங்கே ஒல்லாந்தர் பெட்டி என்று யாராவது காட்டினால் நம்ப வேண்டாம். இன்றைய நெதர்லாந்தில் பெட்டி செம்மஞ்சள்.

பழைய பெட்டியில கிரீடமும் ஆங்கில எழுத்தும் இருக்கே, அது என்ன?

பெட்டி வார்க்கப்பட்ட காலத்து அரசரின் அல்லது அரசியின் அடையாளம். வயதைக் கண்டுபிடிக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. 'வீ.ஆர்.' என்றால் விக்டோரியா, 1901க்கு முந்தியது. 'ஈ', 'ஆர்' என்ற எழுத்துகளோடு ஏழைக் குறிக்கும் ரோம இலக்கம் இருந்தால் ஏழாம் எட்வர்ட், 1901 முதல் 1910 வரை. இலக்கம் இல்லாமல் 'ஜீ.ஆர்.' மட்டும் என்றால் ஐந்தாம் ஜோர்ஜ், 1910 முதல் 1936 வரை. ஆறாம் இலக்கம் சேர்ந்திருந்தால் ஆறாம் ஜோர்ஜ், 1952 வரை. 'ஆர்' என்பது அரசரைக் குறிக்கும் 'ரெக்ஸ்', அரசியைக் குறிக்கும் 'ரெஜைனா' என்ற இரண்டு இலத்தீன் சொற்களுக்கும் முதலெழுத்து. எட்டாம் எட்வர்ட் 1936இல் ஒரு வருடம்கூட ஆளவில்லை, அவருடைய எழுத்து உள்ள பெட்டிகள் உலகத்திலேயே அரிது.

எழுத்தே இல்லாவிட்டால் புதிய பெட்டி என்று அவசரப்படவும் வேண்டாம். பிரித்தானியாவில் 1879இல் உருளை வடிவம் வந்தபோது அரச எழுத்தைப் போட மறந்து எட்டு வருடங்கள் வரை மொட்டையாகவே வார்த்தார்கள்.

இப்படிப் பழைய வார்ப்பிரும்புப் பெட்டி உங்கள் ஊரில் நின்றால் தயவுசெய்து அதன்மேல் சுவரொட்டி ஒட்ட விடாதீர்கள். பசையைச் சுரண்டும்போது பெயின்றும் சேர்ந்து போகும், எழுத்தின் விளிம்பும் தேயும். நூறு வருடம் தாங்கியதை ஒரு ரியூஷன் விளம்பரம் கெடுக்கக் கூடாது.

எங்கட பக்கத்துப் பெட்டி ரோஸ் நிறமாகிப் போச்சு. பெயின்ற் சரியில்லையா?

பெயின்ற் நல்லதாக இருந்தாலும் இது நடக்கும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் இரண்டு வேலை செய்கிறது. பிரகாசமான சிவப்பைத் தரும் நிறப்பொடிகள் பலவற்றை அது சிதைக்கிறது. பொடியைப் பிடித்துவைத்திருக்கும் பிசினையும் உடைக்கிறது. வெளிறிய பெட்டியை விரலால் தடவிப் பாருங்கள், சோக்குப் பொடிபோல விரலில் சிவப்பு ஒட்டும். பிசின் போய்ப் பொடி தனியே நிற்கிறது என்று அர்த்தம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம் பக்கத்து வெயில் தெரியும்தானே, மேற்குப் பார்த்த பக்கம் முதலில் வெளிறும்.

கல்முனை, காரைதீவு, திருக்கோவில், பொத்துவில் என்று கடலோரம் முழுக்க உப்புக் காற்று வேறு. உப்பு ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். பெயின்றில் ஒரு சின்னக் கீறல் கிடைத்தால் போதும், அடியில் துரு ஓடிப் பூச்சைக் கொப்பளமாகத் தூக்கும். தடித்த வார்ப்பிரும்பு இதைப் பல காலம் தாங்கும். மெல்லிய தகட்டில் செய்த பெட்டியில் ஓட்டை விழுந்துவிடும், மாரி மழையில் உள்ளே தண்ணீர் போகும். வெளிறிய பூச்சின்மேல் அப்படியே இன்னொரு பூச்சு அடிப்பதில் பயனில்லை. துருவைச் சுரண்டி, ரெட் ஒக்சைட் என்ற அடிப்பூச்சை அடித்துக் காயவிட்டு, அதன்மேல்தான் எனாமல் அடிக்க வேண்டும். ரெட் ஒக்சைட்டில் இருப்பது இரும்பு ஒக்சைட்டு, வெயிலுக்கு அசையாது. அதையே மேற்பூச்சாக விடலாமே என்று ஒரு பெயின்றர் தம்பி கேட்டார். அது செங்கல் நிறம், தபால் சிவப்பின் பளிச்சு அதில் வராது.

அடிப்பாகம் மட்டும் ஏன் கறுப்பு?

மழை பெய்யும்போது தரையிலிருந்து சேறு தெறிக்கும் உயரம் அது. சிவப்பில் அழுக்குத் தெரியும், கறுப்பில் தெரியாது. இதுவும் பிரித்தானியாவிலிருந்து வந்த வழக்கம்.

நாங்களே காசு சேர்த்துப் பெயின்ற் அடிக்கலாமா?

மனசு நல்லது, ஆனால் பெட்டி தபால் திணைக்களத்தின் சொத்து. உங்கள் பகுதித் தபால் அதிபரிடம் எழுத்தில் கேட்டு, அனுமதி கிடைத்த பிறகு செய்யுங்கள். கிடைத்தால், ரோஸ் நிறமான பெட்டி பற்றிய பதிலில் சொன்ன ஒழுங்கில் அடியுங்கள். கடிதம் போடும் வாயையும் பூட்டையும் கடதாசியால் மூடிவிட்டு அடியுங்கள், மூடியதைக் கழற்ற மறக்க வேண்டாம். சங்கத்தின் பெயரைப் பெட்டியில் எழுத வேண்டாம்.

நீலப் பெட்டி, தங்கப் பெட்டி எல்லாம் உண்மையா?

இரண்டும் உண்மை. 1930இல் பிரித்தானியாவில் விமானத் தபாலுக்கென்றே நீலப் பெட்டி வைத்தார்கள். 1938இல் நிறுத்திவிட்டார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பிரித்தானியர் தங்கம் வென்றபோது வீரரின் சொந்த ஊரில் ஒரு பெட்டிக்குத் தங்க நிறம் அடித்தார்கள். வேலைக்கேற்ற நிறம் இன்றும் உண்டு. அவுஸ்திரேலியாவில் சாதாரணக் கடிதத்துக்குச் சிவப்பு, விரைவுத் தபாலுக்கு மஞ்சள். இந்தியப் பெருநகரங்களில் உள்ளூர்க் கடிதத்துக்குப் பச்சை, மற்றப் பெருநகரங்களுக்குப் போவதற்கு நீலம் என்று பிரித்து வைத்திருந்தார்கள். கடிதம் போடுகிறவரே பாதித் தரம்பிரிப்பைச் செய்துவிடுவார்.

நிறம் மங்கின பெட்டியில போட்டா கடிதம் போகுமா?

நிறத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். பூட்டு ஒழுங்காக இருக்கிறதா, வாயில் சிலந்தி வலை இல்லையா, கடிதம் எடுக்கும் நேரம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் என்றால் பக்கத்து உப தபாலகத்தில் கேளுங்கள், எந்தப் பெட்டியை எப்போது திறக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். வேலை விண்ணப்பம், காணி உறுதிப் பிரதி, நீதிமன்றக் காரியம் என்றால் எந்தப் பெட்டியிலும் போடாதீர்கள். கந்தோருக்குப் போய்ப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாருக்கும் வட்ஸ்அப் இருக்கே. இந்தப் பெட்டி இனி எதுக்கு?

இதைக் கேட்கிறவர்கள் டென்மார்க்கைச் சொல்வார்கள். உண்மைதான். அங்கே பொதுத் தபால் நிறுவனம் 2025 முடிவோடு கடித விநியோகத்தையே நிறுத்திவிட்டது, அந்த வருட நடுப்பகுதியிலிருந்து 1,500 சிவப்புப் பெட்டிகளை எடுக்கத் தொடங்கியது.

ஆனால் டென்மார்க்கில் அரசாங்கக் கடிதம் பெரும்பாலும் இணையத்தில் போய்ச் சேரும். இங்கே அப்படியா? வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்கும் ஒரு அம்மாவுக்குப் பிரதேச செயலகத்திலிருந்து வருவது கடிதம். அவர் பதில் அனுப்புவதும் கடிதம். அவரைப் போன்றவர்கள் என் கடையில் இன்றும் ஒற்றை முத்திரை வாங்குகிறார்கள். அவர்களுக்குப் பதிலான வழி வராமல் பெட்டியை எடுப்பது நியாயமில்லை என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

சரி, ஒரு மாற்றத்துக்கு வேற நிறம் அடிச்சா என்ன?

அடிக்கலாம், பல நாடுகள் அடித்திருக்கின்றன என்று மேலே பார்த்தோம். பிரச்சினை நடுக்காலம். பிரித்தானியாவுக்கே பத்து வருடம் எடுத்தது. இலங்கையில் பாதிப் பெட்டி சிவப்பாகவும் பாதி வேறாகவும் இருக்கும் வருடங்களில், புது நிறப் பெட்டியைக் கண்டவர் அது குப்பைத் தொட்டியா, முறைப்பாட்டுப் பெட்டியா என்று யோசிப்பார். நல்ல நிறம் எது என்பதைவிட, பொத்துவில் தொடக்கம் பருத்தித்துறை வரைக்கும் ஒரே நிறம் என்பதுதான் முக்கியம். மாற்றச் செலவாகும் பணத்தில் இருக்கும் சிவப்பைத் துருப்பிடிக்காமல் வைத்திருக்கலாம்.

வீட்டு வாசல் பெட்டிக்கும் சிவப்பு அடிக்கலாமா?

உங்கள் விருப்பம். தபால்காரர் பார்ப்பது பெயரையும் இலக்கத்தையும்தான், அவற்றைப் பெரிதாக எழுதுங்கள். ஆனால் வீதி ஓரத்துச் சுவரில் பெரிய சிவப்புப் பெட்டியாக வைத்தால், வழியில் போகிறவர் தன் கடிதத்தை அதற்குள் போட்டுவிடக் கூடும். அப்படி ஏதாவது கிடந்தால் பிரிக்காமல் பக்கத்துத் தபாலகத்தில் கொடுத்துவிடுங்கள்.